ஸ்டெப்னி (பழைய மகிழுந்துகளின் மாற்றுச் சக்கரம்)

ஸ்டெப்னி என்பது, மகிழுந்தின் சக்கரங்களுள் ஒன்று வழியில் பழுதடைந்தால் அதற்குப் பதிலாகப் பொருத்துவதற்காக வண்டியிலேயே கொண்டுசெல்லப்படும் ஐந்தாவது சக்கரம் ஆகும். தமிழில் இது மாற்றுச் சக்கரம் எனப்படும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களில் இது டிக்கி எனப் பேச்சு வழக்கில் அழைக்கப்படும் பின்புறப் பொருட்பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அது அங்கு எவ்வாறு நிலைநிறுத்தப்பட்டுள்ளது என்பது பின்னிருக்கையில் அமர்வோரின் பாதுகாப்பைப் பொறுத்த செய்தியாகும்.

பெயர்க் காரணம்

தொடக்ககாலத் தானுந்துகள் மாற்றுச் சக்கரம் இன்றியே விற்கப்பட்டன. சக்கரங்கள் அச்சிலிருந்து எளிதில் கழற்றக்கூடியனவாகவும் இல்லை. 1904ஆம் ஆண்டில் வேல்சு நாட்டின் லனெலி என்னும் ஊரைச் சேர்ந்த டேவிசு உடன்பிறந்தார், ஆரக்கால்கள் அற்ற ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, அதனைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் பற்றிகளால் இறுக்கும் முறையை உருவாக்கினர். அவ்வூரின் ஸ்டெப்னி தெருவின் பெயரே அக்கருவிக்கு அமைந்தது. கருவி வழக்கொழிந்து நெடுங்காலம் ஆயினும் பெயர் இந்தியாவில் நிலைத்துவிட்டது. பிரேசில் நாட்டுப் போர்த்துக்கீசத்தில் மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கும் 'எஸ்டெப்பே' என்னும் சொல்லும் இதிலிருந்து பிறந்ததே.

காவிரிப் படுகையில்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைகளில் மாட்டுவண்டிகள் மிகுந்திருந்த காலத்தில், மாடுகளின் குளம்புகளிலிருந்து கழன்று விழும் லாட ஆணிகள் டயர்களைத் துளைப்பது வழக்கம். கருவேல முள்ளும் இதற்குக் குறைந்ததன்று. ஒரு பஞ்சர் கடையிலிருந்து அடுத்ததற்குப் பல மைல் செல்ல வேண்டியிருந்தமையால் ஸ்டெப்னி அடிக்கடி வெளியே எடுக்கப்பட்டது. அவ்வாறு எடுக்கப்பட்ட சக்கரம் திரும்ப வைக்கப்படும்போது முறையாக இறுக்கப்படாமல் போவதே சிக்கலின் தொடக்கம்.

வைக்கும் இடம்

அம்பாசடரில் மாற்றுச் சக்கரம் பயணப் பொருட்களோடு டிக்கிக்குள்ளேயே இடம்பெற்றது. 1961 முதல் சென்னையில் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டில் அது டிக்கித் தரையில் அமைந்த பள்ளத்தில் படுத்திருக்கும். மோரிசு மைனர் காரில் டிக்கித் தரைக்கு அடியில் தனி மூடியுடன் கூடிய அறை உண்டு. இதனால் பெட்டிகளை இறக்காமலேயே சக்கரத்தை எடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கையில் இதுவே மிகச் சிறந்த அமைப்பு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் முன்புறத்தில் இருந்த மாற்றுச் சக்கரத்தின் காற்றழுத்தம், முன் கண்ணாடியைக் கழுவும் நீரைப் பீய்ச்சவும் பயன்பட்டது என்பது இங்கு ஒரு சுவையான செய்தி.

செயற்படும் விசை

அம்பாசடரின் டயர் அளவு 5.90-15 ஆகும். எஃகுச் சக்கரத்தையும் சேர்த்து எடை 16 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு புளிய மரத்தில் மோதி 0.6 மீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுமாயின், அதன் வேகக்குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 16 மடங்காக இருக்கும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 260 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை தேவைப்படும். அதாவது 60 கிலோ நெல் மூட்டைகள் நான்கிற்குச் சற்றுக் கூடுதல். கட்டப்படாத சக்கரமோ கார் நின்ற பின்னும் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிச் சென்று பின்னிருக்கையின் சாய்வைத் தாக்கும்.

நிலைநிறுத்தும் முறைகள்

படுக்கை நிலையில் உள்ள சக்கரத்தின் நடுத்துளை வழியாக ஒரு மரையாணியைச் செலுத்தி, மேலே அகன்ற தகடு வைத்து, விங் நட் எனப்படும் காதுள்ள மரையால் இறுக்குவது பரவலான முறை. நிமிர்ந்து நிற்கும் சக்கரத்திற்கு வளைந்த கொக்கி ஆணியோ உலோகப் பட்டையோ பயன்படும். கையால் மட்டும் முடுக்கிய மரை அதிர்வினால் தளரக்கூடும் என்பதால் சுருள் வாசரோ இரண்டாவது மரையோ சேர்ப்பது நன்று.

உண்மையில் முதலில் தோற்பது ஆணி அன்று. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண மென் எஃகு ஆணி, இழுவிசையில் ஏறத்தாழ 900 கிலோகிராம் எடை வரை தாங்கும். கிழிவது அது பொருந்தியுள்ள மெல்லிய தகடே; துருவேறிய தகடாயின் இன்னும் எளிதில் கிழியும். எனவே தரையின் அடிப்புறத்தில் உள்ளங்கை அளவுள்ள, 3 மில்லிமீட்டர் தடித்த தகட்டை வைத்து இறுக்குதல் வேண்டும். பள்ளம் இல்லாத தரையில் ஆணி பக்கவாட்டில் வளையக்கூடும் ஆதலின், சக்கரத்தின் முன்புறம் ஒரு தடுப்புச் சட்டமும் தேவை. புதிதாகத் துளையிடும் முன் அடியில் எரிபொருள் கலன் உள்ளதா எனப் பார்த்தல் இன்றியமையாதது.

பழைய மிதிவண்டி டியூபைக் கீறி அதனால் கட்டுவது பலரிடம் காணப்படும் பழக்கம். இரப்பர் என்றும் இறுக்கமாகவே இருப்பதால் சக்கரம் கடகடவென ஒலி எழுப்பாது. ஆயினும் ஒலி நின்றுவிட்டது என்பதற்காகச் சக்கரம் பாதுகாப்பாக உள்ளது என்று கொள்ளலாகாது. மோதலின்போது டியூப் நீண்டு சக்கரத்தை விட்டுவிடும். கயிற்றுக் கட்டும் நாளடைவில் தளரும். நீளாத நைலான் பட்டையைப் பற்சக்கர இறுக்கியுடன் பயன்படுத்துவது ஏற்கத்தக்க மாற்று.

நீரும் துருவும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில், டிக்கி மூடியின் இரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் நீர் உட்புகுந்து சக்கரத்தின் அடியில் தேங்கும். டயர் மூடியிருப்பதால் அது எளிதில் உலர்வதில்லை. வேதாரண்யம் போன்ற உப்பளப் பகுதிகளில் துரு விரைவாகப் பரவும். மழைக்காலம் முடிந்தவுடன் சக்கரத்தை வெளியே எடுத்துத் தரையை உலர்த்துவதும், வடிகால் துளைகளைத் துப்புரவு செய்வதும் பயன் தரும். காற்று நிரப்பும் வால்வு மேல்நோக்கி இருக்குமாறு சக்கரத்தை வைத்தால், அதனைக் கழற்றாமலேயே அழுத்தத்தைச் சரிபார்க்கலாம்.

சட்டம்

2020ஆம் ஆண்டில் இந்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, டயர் அழுத்தம் கண்காணிக்கும் கருவியும் டயர் பழுதுநீக்கும் பொருட்களும் உள்ள கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமன்று என அறிவிக்கப்பட்டது. பழைய கார்கள் அத்தகைய கருவியுடன் உருவாக்கப்பட்டவை அல்ல.