காலையில் விரல் மடங்கவில்லையா?

மைசூரு, எங்கள் வரிசையில் குடியிருக்கும் அம்மாள் ஒருவர் சேலத்திலிருந்து வந்த நாள் முதல் ஊதுபத்தி உருட்டிப் பிழைப்பவர். வயது நாற்பதுதான். விடிகாலையில் பால் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட விரல் மடங்கவில்லை. "உருட்டி உருட்டித் தேய்ந்துவிட்டது, வேறென்ன?" என்று கடையில் வலி மாத்திரை வாங்கியே ஒன்றரை ஆண்டை ஓட்டிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் அது தேய்மானம் அல்ல, முடக்குவாதம் என்று தெரிந்தது.

மூட்டுவலி என்று பெயர் ஒன்று, நோய்களோ பல. 2006-ல் கர்நாடகத்தை உலுக்கிய சிக்குன்குனியா, காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் பலரை நொண்ட வைத்தது. ஷிமோகா மாவட்டம் சாகர் அருகே ஹந்திகோடு கிராமத்தில் 1970-களில் இளவயதினரே இடுப்பு மூட்டு தேய்ந்து முடங்கினர். வயல் நண்டின் மீதும் பூச்சிமருந்தின் மீதும் சந்தேகம் எழுந்தது. பின்னர் ஆராய்ந்ததில், அது பரம்பரையாக வருவது என்று தெரியவந்தது. ஊகம் வேறு, நோய் வேறு.

நம்மவர்களிடம் அதிகம் காண்பது இரண்டு.

தேய்மானம்

எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு நாளடைவில் தேய்வது இது. வயதானவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் முழங்காலில் அதிகம். படியேறினால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். எடையைக் குறைப்பதும், தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் நல்ல பலன் தரும்.

முடக்குவாதம்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இரு கைகளின் விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கும். காலை விறைப்பு ஒரு மணிக்கு மேலும் நீடிக்கும். சோர்வும் ரத்தசோகையும் சேரும். கவனிக்காவிட்டால் கண், நுரையீரல், இதயம் வரை பாதிக்கலாம்.

வலி மாத்திரை வலியை மறைக்கும். மூட்டு அழிவதைத் தடுக்காது. தடுப்பதற்கு மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் உண்டு. டாக்டர் சொன்னபடி வாரம் ஒரு முறை மட்டுமே அதைச் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பெயர் தெரியாத 'அதிசயப் பொடி'களை நம்பாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

விரல் கணுக்களில் வீக்கமும் காலை விறைப்பும் சில வாரம் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அங்கே காட்டலாம். இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் கே.ஆர். ஆஸ்பத்திரி இருக்கிறது.

அந்த அம்மாள் இப்போது மருந்து சாப்பிட்டு மீண்டும் ஊதுபத்தி உருட்டுகிறார். ஆனால் வளைந்துபோன இரண்டு விரல்கள் நிமிரவில்லை.