நாடாக் காப்பகமும் கண்காணிப்புப் பலகையும்

பொருளைச் சேமித்து வைத்தல் எளிது. சேமித்த பொருள் பழுதின்றி இருக்கின்றதா என்பதை இடையறாது அறிதலே அரிது. ஆண்டுக்கணக்காக எவரும் தொடாது கிடக்கும் கணினித் தரவுகளுக்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

செனீவா நகருக்கு அண்மையில் 1954ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சேர்ண் எனும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஆங்குத் துணிக்கைகளை மோதவிட்டுப் பெறப்படும் தரவுகள் காந்த நாடாக்களிற் பதிந்து வைக்கப்படுகின்றன. இக்களஞ்சியம் 2017 யூன் இறுதியில் 200 பெற்றாபைற்றைக் கடந்தது. ஒரு பெற்றாபைற்று என்பது ஆயிரம் தெறாபைற்று ஆகும். நிகழ்ந்து முடிந்த மோதலை அவ்வாறே மீண்டும் நிகழ்த்துதல் இயலாது. ஆதலின், பதிவு அழியின் அதற்கு ஈடில்லை.

வந்த தரவு முதலில் வட்டிலே தங்கிப் பின்னரே நாடாவிற்குச் செல்கின்றது. இவ்வியக்கம் பற்றிய எண்களை நேரக் குறிப்புடன் திரட்டி, வரைபடங்களாக ஒருங்கே காட்டுவதே டாஷ்போட் எனப்படும் கண்காணிப்புப் பலகை. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த கிராபனா இத்தகைய பலகைகளை அமைக்க உதவும் மென்பொருள்களுள் ஒன்று.

பலகையில் இடம்பெறவேண்டியவை மூவகைப்படும். முதலாவது, வரவு. காத்திருக்கும் கோப்புகளின் தொகை மட்டும் போதாது. மிகப் பழைய கோப்பு எத்துணைக் காலம் காத்திருக்கின்றது என்பதும் வேண்டும். விரைந்து நகரும் ஆயிரம் கோப்புகளினும், பத்து நாளாக அசையாதிருக்கும் ஒரு கோப்பே கவலைக்குரியது.

இரண்டாவது, கருவிகளின் நிலை. பிழைகளை இயக்கி வாரியாகவும் நாடா வாரியாகவும் பிரித்துக் காட்டல் வேண்டும். ஒரே நாடா பல இயக்கிகளிற் பிழைபடின் குற்றம் நாடாவினது எனவும், பல நாடாக்கள் ஒரே இயக்கியிற் பிழைபடின் குற்றம் இயக்கியினது எனவும் ஊகிக்கலாம்.

மூன்றாவது, தரவின் செம்மை. எழுதியபோது கணித்த சரிபார்ப்புத் தொகையை மீள வாசித்தபோது கிடைக்கும் தொகையுடன் ஒப்பிடுதலே இதனை அறியும் வழி. நெடுங்காலம் வாசிக்கப்படாத நாடாக்கள் எத்தனை, பழைய நாடாக்களிலிருந்து புதியவற்றுக்கு மாற்றும் பணி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பனவும் இதன்பாற்படும்.

சேமித்த மொத்த அளவைக் காட்டும் கோடு பெரும்பாலும் ஏறிக்கொண்டே செல்லும். அது காண்போர்க்கு மகிழ்வூட்டுமேயன்றிச் சேமித்தவை நலமாயுள்ளன என்பதற்குச் சான்றாகாது. அன்றியும், எண்களைத் திரட்டும் நிரல் நின்றுவிடின் பிழைகளும் பலகையில் தோன்றா. “பிழையில்லை” என்பது வேறு. “செய்தி வரவில்லை” என்பது வேறு. ஆகவே, ஒவ்வோர் எண்ணும் எப்பொழுது பெறப்பட்டது என்பதும் பலகையிலே தெரிதல் வேண்டும். எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டிய கருமமும் அதற்குப் பொறுப்பாளரும் முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

எவ்வளவு சேர்ந்தது என்ற வினாவோடு நில்லாது, சேர்ந்ததை இன்றும் வாசிக்க முடியுமா என்ற வினாவிற்கும் விடை தருவதே நற்பலகை என்க.