சவரச் சோப்பின் மணமும் தோல் ஒவ்வாமையும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர், கன்னமும் கழுத்தும் அரித்தால் களிமண் தூசியையும் சூளை வெப்பத்தையுமே பழிப்பர். வேலையை விட்டுவிடவும் எண்ணுவர். அதற்குமுன் சவரச் சோப்பின் நறுமணத்தையும் ஐயுறுதல் வேண்டும். கத்தி பட்ட தோலில் நுண்ணிய கீறல்கள் விழுவதால், ஜெரானியால், சின்னமால் போன்ற மணப்பொருள்கள் எளிதில் உட்புகுகின்றன. தடிப்பு பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே எழும். ஞாயிறன்று சவரம் செய்துகொண்டவர் செவ்வாயன்று சூளையைக் குறை கூறுவது இதனாலேயே. பல்லாண்டு பழகிய சோப்பும் ஒருநாள் ஒவ்வாமற் போகலாம்.

ஐயம் தீர்க்க ஒட்டுச் சோதனை உண்டு. முதுகில் ஒட்டிய பட்டைகளை 48 மணி நேரத்தில் அகற்றிப் பார்ப்பர். 96 மணி நேர அளவில் மீண்டும் பார்ப்பர். அதுவரை முதுகு நனையலாகாது.

முடிதிருத்தகம் செல்வோர் மணம் சேர்க்காத சோப்பைத் தாமே கொண்டு செல்லலாம். சவரத்திற்குப் பின் பூசும் மணநீரையும் மறுத்துவிடலாம்.