ஒரு டன் போல்ட்டுக்கு எத்தனை டன் கரியமில வாயு?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றின் மீதான கார்பன் எல்லை வரி, 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துள்ளது. பொருளைத் தயாரிக்கும்போது வெளியேறிய கரியமில வாயுவுக்கு அப்பொருள் எல்லையைக் கடக்கையில் விலை வசூலிக்கும் இந்த ஏற்பாட்டுக்குக் கார்பன் எல்லைச் சீரமைப்பு முறை என்பது சட்டப் பெயர். ஏற்றுமதி வட்டாரத்தில் அது ‘சிபாம்’. ஐரோப்பிய ஆலைகள் 2005 முதலே தாங்கள் வெளியேற்றும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஓர் உமிழ்வு உரிமத்தைக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், அத்தகைய செலவில்லாத நாடுகளுக்கு உற்பத்தி நகர்ந்துவிடும் என்ற அச்சம் அங்கு நெடுநாளாக இருந்தது. அதைத் தடுக்கவே 2023 மே மாதம் இச்சட்டம் இயற்றப்பட்டது.

வரியைச் செலுத்துபவர் ஐரோப்பிய இறக்குமதியாளரே. ஆனால் அவர் செலுத்த வேண்டிய தொகையைத் தீர்மானிக்கும் எண் ஏற்றுமதியாளரின் ஆலையில்தான் பிறக்கிறது என்பதால், அந்த எண் கையில் இல்லாத ஆலை விலைப் பேச்சில் பின்தங்கும். எண் பெரிதாக இருந்தால், அதற்கேற்ப விலையைக் குறைக்கும்படி வாங்குபவர் கேட்பதும் இயல்பே.

எஃகு போல்ட் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையின் கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் போல்ட்டின் பின்னால் 2.5 டன் கரியமில வாயு இருப்பதாகவும், ஒப்பீட்டளவு எனப்படும் திறன்மிக்க ஆலைகளின் அளவுகோல் 1.4 டன் என்றும், உரிமத்தின் விலை டன்னுக்கு 75 யூரோ என்றும் வைத்துக்கொண்டால், 2026-இல் அந்த ஒப்பீட்டளவில் 97.5 விழுக்காடு, அதாவது 1.365 டன், கழிக்கப்பட்டு, எஞ்சிய 1.135 டன்னுக்கு ஏறத்தாழ 85 யூரோ விழும். ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமாகத் தரப்படும் உரிமங்கள் ஆண்டுதோறும் குறைந்து 2034-இல் அறவே நின்றுபோகும்போது இந்தக் கழிவும் மறைந்துவிடும் என்பதால், அதே போல்ட்டுக்கு அன்று 187.50 யூரோ ஆகும். முதல் ஆண்டில் வரி வெறும் இரண்டரை விழுக்காடுதான் என்று பலர் நிம்மதி கொள்வது தவறு. ஒப்பீட்டளவை மீறிய உமிழ்வு முழுவதும் முதல் ஆண்டிலேயே வரிக்கு உட்படுகிறது.

அளந்து சரிபார்த்த எண் இல்லாவிட்டால் ஒன்றியம் நாடுவாரியாக நிர்ணயித்த இயல்பு மதிப்பு பயன்படுத்தப்படும். எஃகுக்கு அதன் மேல் 2026-இல் 10 விழுக்காடும், 2027-இல் 20 விழுக்காடும், 2028 முதல் 30 விழுக்காடும் கூட்டப்படும். நல்ல உலையில் உருகிய எஃகைப் பயன்படுத்தும் ஆலைகூட, கணக்கு இல்லாத ஒரே காரணத்தால், நாட்டின் சராசரிச் சுமையையும் அதற்கு மேலான தண்டத்தையும் சுமக்க நேரிடும்.

அந்த எண்ணைத் தேடிப் போனால் போல்ட் ஆலைக்கு வெளியேதான் போக வேண்டியிருக்கும். தொழிலில் ‘வயர் ராட்’ எனப்படும் கம்பிச்சுருளை வாங்கி, இழுத்து, வெட்டி, தலை அடித்து, மரை உருட்டி, உலையில் கடினப்படுத்தும் ஆலையில் நேரடியாக வெளியேறுவது பெரும்பாலும் அந்த உலையில் எரியும் எரிவாயுவின் புகை மட்டுமே. பெரும்பகுதி உமிழ்வு, நிலக்கரி எரித்து இரும்பை உருக்கிய எஃகு ஆலையில் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே எரிபொருள் அளவியை மாதந்தோறும் குறித்து வைப்பது எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் கம்பிச்சுருள் விற்பவரிடம் உமிழ்வுக் கணக்கைக் கேட்டு வாங்குவது. ஒவ்வொரு சுருளுடனும் வரும் மில் சான்றிதழில் உள்ள ‘ஹீட் நம்பர்’, அதாவது எஃகு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண், தரச் சோதனைக்காக ஏற்கெனவே பதிவாகிறது. அதே எண்ணோடு உமிழ்வு விவரத்தையும் இணைத்துவிட்டால், எந்த ஏற்றுமதிப் பெட்டியில் எந்த எஃகு போயிற்று என்பதை ஆதாரத்தோடு காட்ட முடியும். பழைய இரும்பை மின் உலையில் உருக்கிச் செய்த எஃகு இங்கே பெரிதும் கைகொடுக்கும். ஏனெனில் பழைய இரும்புக்கு முந்தைய உமிழ்வு எதுவும் ஏற்றப்படுவதில்லை, எஃகைப் பொறுத்தவரை மின்சாரத்தின் மறைமுக உமிழ்வும் இப்போது வரியில் சேர்வதில்லை.

பொருள் பட்டியலில் உள்ளதா என்பதைச் சுங்கக் குறியீடே முடிவு செய்கிறது. இரும்புக் குழாய் இணைப்பிகள் பட்டியலில் இருக்க, பம்ப்பின் பாகங்கள் இன்றுவரை அதற்கு வெளியே இருப்பதால், வார்ப்படத் தொழிலும் பம்ப் தொழிலும் அடுத்தடுத்து நடக்கும் கோவை போன்ற ஊரில் பக்கத்துப் பட்டறைகள் இரண்டின் நிலை வேறாகலாம். ஆண்டுக்கு 50 டன்னுக்குக் குறைவான சரக்குக்கு விலக்கு உண்டு என்பதும் சரியாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டும்: அந்த வரம்பு ஏற்றுமதியாளருக்கு அல்ல, இறக்குமதியாளருக்கு உரியது. பல நாடுகளிலிருந்து 500 டன் வாங்கும் ஒருவருக்கு 20 டன் மட்டுமே அனுப்பும் சிறு பட்டறையும் கணக்குக் காட்டியே ஆக வேண்டும்.

ஆலை தரும் எண்ணை, ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் முதல் ஆண்டில் நேரில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். உற்பத்தி முறையின் நுணுக்கங்களை வாங்குபவரிடம் கொடுக்கத் தயங்கும் ஆலைகளுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. சிபாம் பதிவேட்டில் தாமே பதிவு செய்துகொண்டு, சரிபார்க்கப்பட்ட விவரத்தை அதன் வழியாகவே வாங்குபவருக்குத் திறந்து விடலாம். ஒப்பந்தத்தில், உமிழ்வு எண் தவறானால் இழப்பு யாருக்கு, உரிமத்தின் விலை ஏறினால் கூடுதல் செலவு யாருக்கு என்று எழுதாமல் விடுவது பெரும் ஆபத்து. 2023 பிப்ரவரியில் ஐரோப்பிய உரிமத்தின் விலை 100 யூரோவைத் தொட்டதை நினைவில் கொள்வது நல்லது.

பொருள் பிறந்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை செலுத்தியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இந்தியா 2023-இல் கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை அறிவித்ததும், 2024 டிசம்பரில் ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவான உமிழ்வு இருந்தால் அதைப் பசுமை எஃகு என வரையறுத்து நட்சத்திரத் தரம் வகுத்ததும் இந்தத் திசையில் எடுத்த அடிகள். வளிமண்டலத்தை நிரப்பியதில் பெரும்பங்கு கொண்ட நாடுகள், பின்னால் வந்த நாடுகளின் பட்டறைகளையும் அதே தட்டில் எடை போடுவது நியாயமா என்ற இந்தியாவின் கேள்விக்கு வலு உண்டு. அந்த வாதம் உலக மேடைகளில் தொடர வேண்டியதே. ஆனால் சரிபார்ப்புக் கட்டணத்தைத் தனியே தாங்க முடியாத சிறு ஆலைகளுக்கு இன்று உடனடித் தேவை, தொழிற்பேட்டை அளவில் கூட்டாகக் கணக்கர்களைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடுதான்.

2026-இல் அனுப்பும் சரக்குக்காக இறக்குமதியாளர் வாங்க வேண்டிய சிபாம் சான்றுகள் 2027 பிப்ரவரியில் விற்பனைக்கு வரும். முதல் ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் 2027 செப்டம்பர் 30. அறிக்கை கேட்கும் எண்களோ 2026-ஆம் ஆண்டின் உலை அளவிகளிலும் சரக்குச் சீட்டுகளிலும் இருக்கின்றன. 2027 ஜனவரி 1 முதல் பிரிட்டனும் இதே போன்ற வரியைத் தொடங்குகிறது.