தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், 'தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு மறு ஆடியில் பிறந்தவள் என் அம்மா' என்று பெரியவர் ஒருவர் சொன்னால், பேரப்பிள்ளைகள் அதை 1999 என்றெண்ணிச் சிரிக்கக்கூடும். அவர் குறிப்பிடுவதோ கொல்லம் ஆண்டு 1099. 1924 ஜூலையில் கேரளத்தைச் சூறையாடி, மூணாற்று மலை ரயில் பாதையையும் அடித்துச் சென்ற பெருவெள்ளம் அது. அப்படியானால் அந்த அம்மையார் பிறந்தது 1925. ஒரு சொல்லில் ஒரு பிறந்த ஆண்டு!

குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் அறிய வேண்டியது இக்கணக்கையே. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. மார்கழியின் நடுப்பகுதி வரையுள்ள தேதிகளுக்கு 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். திருவிதாங்கூர்க் காலப் பத்திரங்களிலும் ஜாதகங்களிலும் காண்பது பெரும்பாலும் இவ்வாண்டே. 1949 வரை அவ்வரசின் எல்லைக்குள் இருந்த கன்னியாகுமரிப் பகுதிக் குடும்பங்களுக்கும் இது உதவும்.

வங்கிப் பெட்டகத்தில் பத்திரம் பத்திரமாக இருக்கலாம். அதில் பெயர் கண்டவர் நமக்கு என்ன உறவு என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரே எஞ்சியிருக்கக்கூடும். பெட்டகம் திறக்கும் நாளில் அவரிடம் அமர்ந்து கேளுங்கள். சொல்வதை நகலின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தில் பேனா படலாகாது.