பிரிந்து வந்த கூட்டமா, பசித்து வந்த கூட்டமா?

போன வருஷம் ஜூன் கடைசியில், மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர் வீட்டு மாமரத்தில் ஒரு தேனீக் கூட்டம் வந்து தொங்கியது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓலைச் சூட்டு எடுக்கக் கிளம்பிவிட்டார். அவரைத் தடுத்து, கூட்டத்தைப் பெட்டியில் சேர்த்தேன். அஞ்சாம் நாள் பெட்டி காலி! ராணியும் உள்ளேதான் இருந்தது, பிறகு ஏன் போச்சு? நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியதும் தெரிந்தது, விஷயம் மாதத்தில் இருக்கிறது.

பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ கூட்டை விட்டு வர இரண்டு காரணங்கள் முக்கியம். ஒன்று செழிப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புழு வளர்ப்பு பெருகி, கூட்டில் நெருக்கடி உண்டாகும். புது ராணிக்கு அறை கட்டியதும் பழைய ராணி ஒரு பகுதித் தேனீக்களோடு பிரியும். கிளம்புமுன் வயிறு நிறையத் தேன் குடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பசி. ஜூன் தொடங்கி மழைக்காலத்தில் தீவனம் குறைந்தால், அடையைப் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் ஓடிப்போகும். எனக்கு வந்தது இந்த வகை. நான் கொடுத்ததோ வெறும் பெட்டி.

எங்கள் பக்கம் தேன் சீசன் என்றால் ரப்பர்தான். பலர் நினைப்பதுபோல அது பூவின் தேன் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை மரம் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்துச் சுரப்பிகளில் கசிவது. அதில் மகரந்தம் கிடையாது. புழுக்களுக்குத் தேவையான மகரந்தத்துக்கு, வருஷம் முழுக்கப் பூக்கும் தென்னை கைகொடுக்கும். ஆக, டிசம்பரில் பிடித்த கூட்டம் நேராக விருந்துக்குப் போகிறது. ஜூனில் பிடித்ததற்கு நாம்தான் சோறு போடணும்.

இந்த ஜூலையில் இன்னொரு கூட்டம் வந்தது. சாயங்காலம் கிளையை மெல்ல உலுக்கிப் பெட்டியில் இறக்கினேன். வாசலில் சில தேனீக்கள் பின்பகுதியைத் தூக்கிச் சிறகடித்து மற்றவற்றைக் கூப்பிட்டதும், ராணி உள்ளே போய்விட்டது என்று தோன்றியது. வேறு பெட்டியிலிருந்து இளம் புழுக்கள் உள்ள சட்டம் ஒன்றை வைத்தேன். வளர்க்கப் புழு இருந்தால் கூட்டம் லேசில் விட்டுப் போகாது. சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, மழை விடும்வரை ராத்திரியில் வைத்தேன். கூட்டம் தங்கிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: உயரத்தில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. கிட்டே போகாதீங்க.

பக்கத்து வீட்டு அண்ணன் இப்போது சூட்டு தேடுவதில்லை. “தம்பி, உன் ஆளுங்க வந்திருக்கு” என்று போன் செய்கிறார்.