கோனைத் தாங்கும் சர்க்கரை

முட்டையை விடலாம், கோதுமையைக்கூட விடலாம். வீட்டில் ஐஸ்கிரீம் கோன் சுடுபவர்கள் சர்க்கரையில் மட்டும் கை வைக்க முடியாது.

ஐஸ்கிரீம் பார்லரின் கதவைத் திறந்ததுமே ஒரு வாசனை வந்து மோதும். உறைந்து கிடக்கும் ஐஸ்கிரீமுக்கு அவ்வளவு தூரம் மணக்கும் சக்தி கிடையாது. மூலையில் சூடான அச்சில் வெந்துகொண்டிருக்கும் கோனின் வாசனை அது. இதைவிட மலிவான விளம்பரம் கிடைக்காது என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த கோன் எல்லோருக்கும் கட்டுப்படியாவதில்லை. காசு விஷயமல்ல இது. பாக்கெட்டில் வரும் கோன் என்றால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கண்ணெதிரே சுட்டுத் தரும் கோனில் முட்டை உண்டா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சீலியாக் நோயுள்ள குழந்தைகளின் பாடு இன்னும் மோசம். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இவர்களின் சிறுகுடலைப் பாதிக்கும். மருந்து கிடையாது, கோதுமையை அடியோடு விலக்குவது ஒன்றே வழி. வட இந்தியாவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறந்தநாள் விருந்தில் எல்லாப் பிள்ளைகள் கையிலும் கோன் இருக்க, இந்தப் பிள்ளைக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். அதுவும் கோன் துகள் ஒட்டாத கரண்டியால் எடுத்ததுதானா என்ற கவலை அம்மாவுக்கு.

இவர்களுக்கு நல்ல செய்தி கோனின் அமைப்பிலேயே இருக்கிறது. சுருட்டிச் செய்யும் கோன் மொறுமொறுப்பாக இருப்பதற்குக் காரணம் மாவு அல்ல, சர்க்கரை. மாவில் கரைந்த சர்க்கரை அச்சின் சூட்டில் பாகுபோல் இளகுகிறது. அதனால்தான் அச்சிலிருந்து எடுத்த வில்லை துணிபோல் வளைகிறது. ஆறும்போது அதே சர்க்கரை கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது, கடித்தால் நொறுங்குகிறது. கோதுமை மாவு அதில் ஒரு நிரப்பு பொருள், அவ்வளவே. இனிப்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் கிடைப்பது காய்ந்த தோசை. ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்புகளும் உதவாது. இனிக்கும், ஆனால் உருகி இறுகும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் யார் என்பதில் இன்றும் சண்டை. இத்தாலியிலிருந்து நியூயார்க் போன இட்டாலோ மார்ச்சியோனி 1903-ல் ஐஸ்கிரீம் கிண்ணங்கள் வார்க்கும் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகப் பொருட்காட்சியில், பக்கத்துக் கடையில் ஐஸ்கிரீம் கிண்ணங்கள் தீர்ந்துபோக, சிரியாக்காரர் எர்னஸ்ட் ஹம்வி தன் இனிப்பு வில்லையைச் சுருட்டிக் கொடுத்தார் என்பது பிரபலமான கதை. அவர் விற்ற பண்டத்தின் பெயர் ஜலாபியா. நம் ஜிலேபியின் பெயரும் அதே அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் இருவருக்கும் முன்பே, 1888-ல், லண்டனில் ஆக்னஸ் மார்ஷல் தன் சமையல் புத்தகத்தில் பாதாம் மாவு கோனுக்குச் செய்முறை எழுதிவிட்டார்.

இனி அடுப்படிக்கு வருவோம். முட்டை சேர்ப்பவர்களுக்கு: இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு, 100 கிராம் சர்க்கரை, 3 மேஜைக் கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு, சில துளி வெனிலா. சர்க்கரை கரையும்வரை அடித்து, 85 கிராம் மைதாவும் உருக்கிய வெண்ணெய் 30 கிராமும் கலக்க வேண்டும். கவனியுங்கள், மாவைவிடச் சர்க்கரை அதிகம். நுரை பொங்க அடிக்க வேண்டியதில்லை. பேக்கிங் பவுடரும் கூடாது. உப்பினால் கோன் இல்லை.

மின்சார அச்சு வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடைகளில் பரவலாகக் கிடைப்பது ஆழமான குழிகள் கொண்ட பெல்ஜியம் வாஃபிள் அச்சு. அதில் மெத்தென்ற பலகாரம்தான் வரும். கோனுக்கு வேண்டியது லேசான கோடுகள் மட்டும் உள்ள தட்டையான அச்சு. அது இல்லாவிட்டாலும் மோசமில்லை. நான்-ஸ்டிக் தவாவைச் சிறு தீயில் வைத்து, இரண்டு கரண்டி மாவைக் கரண்டியின் முதுகால் கண்ணாடி தோசைபோல் மெல்லியதாக, சாஸர் அளவுக்குப் பரப்பினால் போதும். கட்டம் போட்ட அழகு கிடைக்காது. ருசியில் குறை இருக்காது.

அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் நிறம் மாறியதும் எடுக்க வேண்டும். வெளுப்பாக எடுத்தால் ஆறிய பிறகும் தொய்யும். எடுத்த பின் கையில் இருப்பது சில விநாடிகள்தான். கடலைப் பொட்டலம் மடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கெட்டி அட்டையைக் கூம்பாக்கி அலுமினியத் தாள் சுற்றி வைத்துக்கொண்டு, அதன்மேல் வில்லையைச் சுருட்டி, விளிம்பு அடியில் வரும்படி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சூடு பொறுக்காது, சுத்தமான பருத்திக் கையுறை நல்லது. ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டு சுட்டு வைத்தால் இரண்டாவது சுருளும் முன் உடையும்.

முட்டை வேண்டாதவர்கள் 100 கிராம் மைதா, ஒரு மேஜைக் கரண்டி சோளமாவு, 90 கிராம் பொடித்த சர்க்கரை, 40 கிராம் வெண்ணெய், சுமார் 120 மில்லி பால் சேர்த்துக் கரைக்கலாம். சுருட்டும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வில்லையைச் சிறியதாக்கினால் வழிக்கு வரும்.

கோதுமை ஆகாதவர்களுக்கு, முதல் கலவையில் மைதாவுக்குப் பதில் 60 கிராம் அரிசி மாவும் 25 கிராம் சோளமாவும் போட்டு அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஆனால் அரிசி எங்கே அரைபட்டது என்பது முக்கியம். கோதுமை அரைக்கும் அதே மில்லில் அரைத்த மாவு சீலியாக் குழந்தைக்கு ஆகாது. கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே பத்திரம். சப்பாத்தி போட்ட தவாவும் வேண்டாம், தனியாக ஒன்று வாங்கிவிடலாம். முட்டை, கோதுமை இரண்டுமே ஆகாது என்றால் கோன் சுருட்டுவது பெரும்பாடு. சூடான வில்லையைக் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் போட்டால் அது தானாகவே கப் வடிவம் எடுத்துக்கொள்ளும். தின்னக்கூடிய கப் கிடைத்தால் எந்தக் குழந்தையும் கோபிக்காது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் மழைக்காலம் வந்தால் எல்லாம் தலைகீழ். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறுகிய கண்ணாடி மறுபடி தளர்ந்துவிடும். மே மாத டெல்லியின் வறண்ட காற்றில் சொன்னபடி கேட்கும் கோன், ஜூலை மும்பையிலோ கொச்சியிலோ மேஜையில் திறந்து வைத்தால் சீக்கிரமே தோல்போல் இழுபடும். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டால் இன்னும் வேகமாக. முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுவதுதான் ஒரே பாதுகாப்பு. சூடாக மூடினால் அதன் ஆவியே எதிரி.

ஐஸ்கிரீமின் ஈரத்துக்கும் ஒரு தடுப்பு உண்டு. நேப்பிள்ஸ் நகரத்து ஸ்பிகா நிறுவனம் 1959-ல் கோனின் உட்புறம் எண்ணெய், சர்க்கரை, சாக்லேட் கலவையைப் பூசியது. ஐஸ்கிரீமோடு சேர்த்தே விற்கும் கோன்கள் நமுக்காமல் இருப்பது அந்த யோசனையால். வீட்டில் உருக்கிய சாக்லேட்டை பிரஷ்ஷால் உள்ளே தடவி, நுனியில் ஒரு சொட்டு கூடுதலாக விட்டால் ஓட்டையும் அடைபடும், சட்டையில் ஒழுகுவதும் நிற்கும். சாக்லேட் தடவாத கோன் நமுத்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். அச்சுக் கூம்பில் மாட்டி மிதமான அவனில் 5 நிமிடம் வைத்து, ஆறிய பிறகு கழற்றினால் பழைய மொறுமொறுப்பு வந்துவிடும்.